உப்புப் பார்த்த மூன்று நோன்புகள்: காயல்பட்டினத்தில் ஒரு வீட்டுச் சாப்பாடு

திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கம் வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள்: "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க டீச்சர்?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்கு ஊர் தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். 2022 ஜூனில் காயல்பட்டினத்துக்கு அருகே ஒரு அரசுப் பள்ளியில் வேலை போட்டார்கள். கணவரையும் பையனையும் ஊரில் விட்டுவிட்டு, காயல்பட்டினத்தில் ஒரு சின்ன வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்குப் பிடித்தேன். 2025 மே வரை மூன்று கல்வியாண்டு. அந்த மூன்று வருஷமும் என் மதியச் சாப்பாடு ஒரே வீட்டிலிருந்துதான்.

அந்த வீட்டுக்குப் பலகை கிடையாது. சமைக்கிறவர் தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் அவரை லாத்தா என்று கூப்பிட்டேன். அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கணவர் கொழும்பில் கடை வைத்திருந்து காலமானவர். பிள்ளைகள் வெளிநாட்டில். ஏழெட்டுப் பேருக்குச் சமைக்கிறார். அதற்கு மேல் ஆள் எடுப்பதில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் என்றால் உள்ளே உட்கார்ந்தே சாப்பிடலாம். ஆண்களுக்கு வாளியில் போகும். பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுபோய்க் கொடுப்பான்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் சோறு, மீன் ஆணம், ஒரு பொரியல், புளியாணம். ஆணம் என்றால் குழம்பு. நாங்கள் களியும் கீரைக் கடைசலுமாக வளர்ந்தவர்கள். எங்கள் குழம்பில் தேங்காய் பேருக்குத்தான் இருக்கும். இங்கே ஆணத்தில் தேங்காய்ப்பால் இல்லாத நாள் இல்லை. முதல் மாதம் எனக்கு வயிறு மந்தமாகவே இருந்தது. அப்புறம் பழகியது. புளியாணம்தான் என்னைக் காப்பாற்றியது. பருப்பு சேர்க்காமல், புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்டு, நுரை கட்டும்போதே இறக்குகிற ரசம். மீன் ஆணத்துக்கு மேல் அதை ஊற்றிச் சாப்பிட்டால்தான் அந்தச் சாப்பாடு முழுமையாகிறது. சாளை, பாறை, விளமீன், எப்போதாவது சீலா. கடலில் என்ன கிடைத்ததோ அது. ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்திரிக்காய் மாங்காயும். களறி என்றால் கல்யாண விருந்து. அந்த விருந்துக் கறியை ஏழு பேருக்கென்று சின்னச் சட்டியில் சமைப்பது சுலபமில்லை. அளவு குறைந்தால் மசாலா முந்திக்கொள்ளும். லாத்தா கையில் அது ஒருநாளும் முந்தியதில்லை.

குறைகளும் உண்டு. சாளை மீனில் முள் அதிகம், பழகாதவர்கள் அவசரத்தில் சாப்பிட முடியாது. காய்கறி குறைவு. சொந்தத்தில் கல்யாணம் வந்துவிட்டால் அடுப்பு மூடிவிடும், முதல்நாள் இரவுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீடு அடங்கிய பிறகுதான் சாப்பாடு, இரண்டரை மணி ஆகிவிடும். பள்ளியில் இருக்கிறவளுக்கு அது சிரமம். 2022இல் ஒரு சாப்பாடு 70 ரூபாய். நான் கிளம்பும்போது 90. ஏற்றியதை முன்கூட்டிச் சொல்லவில்லை, மாதக் கணக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு குறை, சில நாள் ஆணம் தண்ணீராக இருக்கும். நேற்று கெட்டியாக இருந்தது இன்று ஓடும். காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம், கேட்டால் தப்பில்லை என்று வந்து மூன்றாவது மாதம் கேட்டேவிட்டேன். "லாத்தா, இன்னைக்கு ஆணம் ரொம்ப இளக்கமா இருக்கே."

லாத்தாவுக்குக் கோபம் வரவில்லை. "ஆமா டீச்சர், தண்ணி கூட ஊத்தினேன்" என்றார். நபிகள் நாயகம் தம் தோழர் ஒருவரிடம் சொன்னதாம்: ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட ஊற்று, பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துக்கொள் என்று. "கறியக் கூட்டுன்னு சொல்லல பாத்தியளா. கறி எல்லார்ட்டயும் இருக்காது. தண்ணி எல்லார்ட்டயும் இருக்கும்ல."

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை, அன்றைக்கு. அடுத்த வாரம் ஆணம் மறுபடி இளகி இருந்தபோது தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பின்வாசல் படியில் ஒரு அம்மா தட்டோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு யாரோ கைகாட்டி வந்தவர். அதன்பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். ஆணம் கெட்டியாக இருந்தால் நாங்கள் மட்டும். இளகியிருந்தால் பின்வாசலில் ஆள் இருக்கும். கிழங்கு விற்க வந்த பாட்டி, மின்கம்பம் நட வந்த இரண்டு பேர், ஒருநாள் யாரென்றே தெரியாத ஒரு பெரியவர். கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. மூன்று வருஷத்தில் அந்தக் குறையை நான் மறுபடி சொல்லவில்லை. இங்கே எழுதுவதுகூட, போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகட்டும் என்பதற்காகத்தான்.

பின்வாசல் என்றேன் இல்லையா. அங்கே வீடுகளுக்கு நடுவே ஆள் அகலத்துக்குச் சந்து ஓடும். முடுக்கு என்பார்கள். பெண்கள் பெரிய தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர அதுதான் வழி. நானும் முடுக்கு வழியாகத்தான் போவேன். நேரே அடுப்படியில் போய் நிற்கும். கல்யாணம் ஆனால் அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு. கல்யாணமான மறுநாளே மாமியார் அடுப்படியில் யாரைக் கேட்டுப் பாத்திரத்தை எடுப்பது என்று நின்ற எனக்கு அது பெரிய ஆச்சரியம். லாத்தா ஒருமுறை தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "இது எங்க உம்மா எனக்குத் தந்த வீடு. இதுல இருந்து யாராச்சும் பசியோட திரும்புனா, நாளைக்கு மறுமையில மாப்பிள்ளையக் கேக்க மாட்டாக. என்னயத்தான் கேப்பாக."

நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முகம் சுருங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் இறைவன் அளந்துவைத்த உணவுக்கு ரிஸ்க் என்று பெயர் சொல்வார்கள். வருகிறவர் தன் ரிஸ்க்கைத் தானே கொண்டுவருகிறார், அது இந்த வீட்டுச் சட்டிக்குள் இருக்கிறது, எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் தன் வேலை என்பது அவருடைய நம்பிக்கை. நான் இதை நிறைய யோசித்தேன். எங்கள் பக்கமும் விருந்துக்குக் குறைவில்லை. ஆனால் யார் வீட்டில் சாப்பிட்டோம், திருப்பி எப்போது போட வேண்டும் என்று மனசு ஒரு கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு எழும்போது ஒரு பாரம் கூடவே எழும். லாத்தா வீட்டில் அந்தப் பாரம் இல்லை. அவர் எனக்குக் கொடுக்கவில்லை, என்னுடையதை எடுத்துவைத்திருந்தார். அப்படி நினைக்கிற ஒருவர் பரிமாறினால் கை வேறு மாதிரி இருக்கும். சோற்றை ஒரு அள்ளு கூட வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்க மாட்டார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்த யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதைவிட அதிகம். இரவு பத்து மணிக்கு என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பதினொன்றுக்குக் கட்டில் மூழ்கியது. கதவைத் திறந்தால் முடுக்கில் இடுப்பளவு தண்ணீர். "டீச்சர், டீச்சர்" என்று மாடியிலிருந்து டார்ச் அடித்தது லாத்தாதான். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மாடியில் அன்று பதினோரு பேர். கரண்ட் இல்லை, போன் இல்லை. காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் முன்னமே மேலே ஏற்றியிருந்தார்கள். பரணில் இருந்ததால் பச்சரிசியும் சிறுபருப்பும் வெந்தயமும் நனையவில்லை. மீன் இல்லை, கறி இல்லை, காய் இல்லை. கஞ்சி காய்ச்சினார். அடுத்த வேளையும் கஞ்சி. மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக் கொதிக்கவைத்து, இரண்டு தேங்காயை உடைத்துப் பால் எடுத்து, மூன்று பகலும் மூன்று இரவும் அதேதான். அரிசி குறையக் குறையத் தண்ணீர் கூடியது. கடைசி நாள் குடித்தது கிட்டத்தட்ட வெந்தய வாசனை அடிக்கும் சுடுதண்ணீர்தான். ஆனால் பதினோரு பேருக்கும் ஒரே அளவு, சின்னக் குழந்தைக்கு மட்டும் அடியில் இருந்த கெட்டி.

அதே இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசி பருப்பைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் அப்போது தண்ணீர்தான். இதைப் பின்னால் கேட்டபோது லாத்தா ஆச்சரியப்படவே இல்லை. "ரயில அங்கன நிப்பாட்டுனவனுக்குத் தெரியாதா, அந்த ஊர்ல அரிசி இருக்குன்னு" என்றார்.

ஜனவரியில் பணம் கொடுக்கப் போனேன். சமையலறைக் கதவில் மாதக் காலண்டர் தொங்கும். சாப்பிட்ட நாளுக்கு ஒரு கோடு, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில். எனக்குப் பச்சை. புதிய காலண்டருக்குப் பின்னால் இருந்த டிசம்பர் தாளைப் புரட்டினால், 17ஆம் தேதிக்கு அப்புறம் பச்சைக் கோடே இல்லை. மூன்று நாள், ஒருநாளைக்கு இரண்டு வேளை என்று நானாகக் கணக்குப் போட்டு நீட்டினேன். வாங்கவில்லை. "சோறு வாங்கிச் சாப்பிட்டா கோடு. மழையில வந்தது விருந்து. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதக் கூடாது டீச்சர்."

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். வெளியூர்க்காரர்கள் முக்கியமாகக் கேட்கிற கேள்வி, நோன்பு மாதத்தில் சாப்பாடு உண்டா என்பது. உண்டு. எனக்கு 2023 மார்ச்சில் முதல் நோன்பு வந்தபோது, நானே ஏதாவது செய்துகொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவரைச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. லாத்தா கேட்கவில்லை. "நோன்பு எனக்குத்தானே? உங்களுக்கு இல்லையே." மதியம் பாத்திரம் வழக்கம்போல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அடுப்பில் கஞ்சி. பள்ளிவாசலில் அசர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். யார் வாளியோடு போய் நின்றாலும் கிடைக்கும், எந்தச் சாதி, எந்த மதம் என்ற கேள்வி இல்லை. ஆனால் லாத்தா வீட்டிலும் தனியாகக் காய்ச்சுவார், அக்கம்பக்கத்தில் நடக்க முடியாத நான்கைந்து பேருக்கு. நொய்யாக உடைத்த பச்சரிசி, வறுத்த சிறுபருப்பு, வெந்தயம், முழுப் பூண்டுப் பல், கொத்துக்கறி, ஒரு கைப்பிடி புதினா. குழைந்து வந்ததும் தேங்காய்ப்பாலை ஊற்றி, கொதி வருவதற்குள் தீயைக் குறைப்பார். கரண்டியை அடிவரைக்கும் விட்டு வலமாக மூன்று, இடமாக மூன்று என்று கிண்டுவார், நிறுத்தினால் பிடித்துவிடும். கிண்டுகிறவரின் உதடு வெடித்திருந்தது. வெயில் மாதம்.

என்னைப் பார்த்ததும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி ஆறவைத்து நீட்டினார். "உப்புப் பாருங்க டீச்சர்."

அத்தனை வருஷமாக உப்பை வாசனையிலேயே பிடித்து, கைக்கணக்கில் போட்டு வந்திருக்கிறார். நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், சிலர் அப்படிச் செய்வார்கள், எனக்கு மனசு ஒப்பாது என்றார். நான் குடித்துப் பார்த்தேன். உப்பு ஒரு கல் குறைவு. சொன்னேன். போட்டார். மறுபடி ஒரு வாய். சரி.

அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. பள்ளி விட்டு நாலரைக்குள் முடுக்கில் நுழைவேன். பரீட்சை மாதம், விடைத்தாள் கட்டு கையில் இருக்கும். கிண்ணம் ஆறிக்கொண்டிருக்கும். தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காத நேரத்தில், நான் மட்டும் நின்றுகொண்டு கஞ்சி குடிப்பேன். முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. அப்புறம், என் நாக்கை நம்பி நாலைந்து முதியவர்கள் நோன்பு திறக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது.

நான் முருகனுக்கு வேண்டிக்கொண்டு செவ்வாயும் வெள்ளியும் கறி, மீன் தொடுவதில்லை. கிருத்திகையும் அப்படியே, திருச்செந்தூர் பஸ்ஸில் கால் மணி நேரம்தானே. சாதாரண நாட்களில் இது லாத்தாவுக்குத் தெரியும். அந்த நாட்களில் எனக்குப் பருப்பாணமும் முருங்கைக்கீரையும் தனிச் சட்டியில் வரும். அதற்கென்று கரண்டியும் வேறு. கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பார். நான் கேட்டு வாங்கியது இல்லை அது.

உப்புப் பார்க்க ஆரம்பித்தபின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை, போவதா வேண்டாமா என்று தயங்கித்தான் போனேன். கறி போட்ட கஞ்சியை வாயில் வைக்க முடியாது, இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. பார்த்தால் கஞ்சி வெள்ளையாக இருந்தது. கறி இல்லை. கேரட்டும் பூண்டும்தான். எனக்குத் தனியாகக் காய்ச்சியிருக்கிறார் போல என்று பார்த்தேன். பெரிய சட்டியிலும் அதேதான்.

"உப்புப் பாக்குற ஆளுக்குச் செவ்வாக்கிழமைல்லா" என்றார்.

2023, 2024, 2025. மூன்று நோன்பிலும் செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டில் கறியில்லாக் கஞ்சி. கஞ்சிக்குக் காத்திருக்கிற முதியவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

பெருநாள் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். அங்கே விருந்து சஹனில். பெரிய தட்டு, நடுவில் நெய்ச்சோறு, மேலே கறி, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. 2023 பெருநாளுக்கு என்னையும் அழைத்தார். எச்சில் பார்த்தே வளர்ந்தவள் நான். கை நீளவில்லை. அதை யாரும் கவனிக்கும் முன்பே லாத்தா ஒரு வாழை இலையை என் முன் விரித்து, சஹனிலிருந்து முதல் அள்ளு எடுத்து அதில் வைத்துவிட்டார். பேச்சு அதுபாட்டுக்கு ஓடியது. அடுத்த வருஷம் இலையை எடுக்கப் போனவரின் கையை நான் பிடித்து நிறுத்தினேன். டிசம்பரில் மூன்று நாள் ஒரே சட்டிக் கஞ்சி குடித்த பிறகு இலை எதற்கு? நான்கு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி கறித் துண்டை ஒதுக்கி ஒதுக்கி என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். சஹனில் அப்படித்தானாம், நல்ல துண்டு அடுத்தவர் பக்கம் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில விவரம். இடம் காலியாக இருந்தால்தான் சேர்ப்பார். நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் பழைய ஆட்களைக் கேட்டால் வழி சொல்வார்கள், அவர்கள் மூலம் போவதுதான் முறை. சாப்பாடு வேண்டாத நாளை முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் உங்கள் பங்கை எடுத்துவைத்துவிட்டு ராத்திரிவரை பார்த்துக்கொண்டிருப்பார். வாளி நீங்கள் கொண்டுபோக வேண்டும், பிளாஸ்டிக் பையில் தர மாட்டார். சோறு போதும் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். நோன்பு, விரதம், பிடிக்காதது எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம், அவர் அதைத் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார்.

எனக்கு மாற்றல் கிடைத்து ஊருக்கு வந்துவிட்டேன். இந்த நோன்புக்குப் போன் செய்தேன். நாலரை மணிக்குத்தான் செய்தேன், அந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியும். சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது.

"உப்பு யார் லாத்தா பாக்கறாங்க?"

"பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ள. ரெண்டாங் கிளாஸ். எத்தன தடவ கேட்டாலும் சரியா இருக்குங்குது. கிண்ணம் காலியானாப் போதும் அதுக்கு." கொஞ்ச நேரம் கிண்டுகிற சத்தம். அப்புறம், "இன்னைக்கு என்ன கிழமை டீச்சர்?"

"செவ்வாய்."

"கேரட் போட்டுட்டேன்" என்றார்.